அஞ்சலை பாடியபோது நாங்கள் வாய் திறக்கவில்லை

எனக்கு வயது அறுபத்துமூன்று. பெற்றது ஆறு. வளர்த்தது ஏழு.

கணக்கு இடிக்கிறதா? இடிக்கட்டும். அந்த ஏழாவதைப் பற்றி பேப்பரின் இந்த மூலையில் நான் இதுவரை மூச்சு விட்டதில்லை. வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — குழாயடிச் சண்டையிலிருந்து பிளேக் ஊசிக்குப் பயந்து நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த கதை வரைக்கும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை. இந்த வாரமும் சொல்லியிருக்க மாட்டேன், புளி வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போகாமல் இருந்திருந்தால்...

புதன்கிழமை அது. கடைத்தெருவில் சைக்கிளும் தையல் மெஷினும் விற்கிற கடை முன்னால் ஒரே கூட்டம். கிராமபோன் வந்திருக்கிறதாம். பித்தளைப் புனல், பெரிய ஊமத்தம்பூ மாதிரி. அதற்குள்ளிருந்து ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். உருதுப் பாட்டு. கஜல்.

கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. தாண்டித்தான் போனேன். நாலு எட்டு வைத்திருப்பேன். கால் நின்றுவிட்டது.

அந்தக் குரல் ஓர் அடியைப் பாடி, அந்தரத்தில் விட்டு, மறுபடி எடுத்து, மறுபடி விட்டு... பிறகு சட்டென்று அடுத்த அடிக்குள் இறங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, "ஆஹா! வாஹ்! வாஹ்!" என்று கத்தினேன்.

கடைக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா இது? பிளேட்டு ஓடறப்ப கூச்சல் போடறீங்க? நாலு பேரு கேக்கறாங்க இல்ல, கம்முனு இருங்க."

"ஆயா காலைலயே கள்ளுக்கடை பக்கமா வந்துச்சு போல" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் பிளேட்டே பேர் சொன்னது. பாடினவர்கள் கடைசியில் தங்கள் பேரைத் தாங்களே சொல்வது வழக்கமாம். "நசீபா ஜான்" என்றது குரல். கடைக்காரர் அதற்கு உரை சொன்னார்: "லக்னோ ஊரு. பரம்பரை பரம்பரையா பாட்டுக்காரங்க. இந்தம்மா பாட்டிய நவாபே பல்லாக்கு அனுப்பிக் கூட்டிக்கினாராம்."

லக்னோவாம்!

அவள் பேர் அஞ்சலை. பிறந்தது பதினோராம் லைன், கடைசித் தட்டி வீடு. தங்கச் சுரங்கத்துக் கூலிகளுக்காக மூங்கில் தட்டி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளைத்தான் நாங்கள் லைன் என்போம். மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் பிள்ளை வந்துவிட்டது. தொப்புள்கொடி அறுத்தது நான். நஞ்சுக்கொடியைப் பின்பக்கம் புதைத்ததும் நான். லக்னோ எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. பல்லக்கில் போன பாட்டி? அஞ்சலையின் பாட்டி குடியாத்தம் பக்கம் களை எடுத்தவள். நானும் அவளும் ஒரே வயலில் சேற்றில் நின்றிருக்கிறோம்.

வருஷம் திரும்புவதற்குள் அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பன் முருகேசன் கீழே இறங்கி, கல் ஏற்றிய வண்டி தள்ளுகிற வேலை. அவன் ஷிஃப்டுக்குப் போகும்போது பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவான். என் ஆறோடு அதுவும் ஒன்றாகத் தவழ்ந்தது. அதற்கு ஆறு வயதானபோது அவனும் போனான்.

அந்த நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. கீழே பாறை விழுந்தது என்று சேதி வந்தால் பெண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாயில் போய் நிற்போம். நின்றால் பேச்சு கிடையாது. அழுகை கிடையாது. இருமல் வந்தால்கூட முந்தானையைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு மேலே வரும்வரை அப்படித்தான். ஏன் என்று கேட்டால் ஆண்கள் ஒரு காரணம் சொல்வார்கள் — உள்ளே சிக்கினவன் கல்லால் தட்டுவான், அது கேட்க வேண்டும் என்று. பெண்கள் சொல்கிற காரணம் வேறு. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அழுதால் உயிரோடு வருகிறவனையும் நாமே பிணமாக்கிவிடுவோம்.

அன்றைக்கு என் இடுப்பை ஒட்டி அஞ்சலை நின்றிருந்தாள். பெரியவர்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா" என்று கத்த வாய் திறந்தாள். நான் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினேன். என் கைக்குள்ளேயே அழுதாள். கூண்டு வந்தது. முருகேசனைக் கோணிமேல் கிடத்தி எடுத்து வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன்.

அன்றிலிருந்து ஏழு.

பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். காதர் பாயிடமிருந்து வந்தது. ஆற்காட்டுக்காரர். அவர் அப்பா கல்யாண வீடுகளில் சாரங்கி வாசித்தவர். கல்யாணங்களில் பேண்டு செட்டு வந்ததும் சாரங்கியைக் கட்டி வைத்துவிட்டு மகன் இங்கே என்ஜின் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். கூண்டை ஏற்றி இறக்குகிற என்ஜினை ஓட்டுகிறவர். கீழே இருந்து மணி அடிப்பார்கள். ஒரு மணிக்கு ஒரு அர்த்தம், மூன்று மணிக்கு ஒரு அர்த்தம். மணி வராமல் கூண்டு ஓர் அங்குலம் நகரக் கூடாது. அவர் காது அப்படிப் பழகிய காது. ஷிஃப்ட் முடிந்ததும் என்ஜின் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சாரங்கியை உறையிலிருந்து எடுப்பார். நான் கொடுத்தனுப்பும் வறட்டியை அவர் வீட்டில் போட்டுவிட்டு வரப் போன அஞ்சலை, பொழுது சாய்ந்துதான் திரும்புவாள்.

ஒருநாள் கேட்டேன். "பாய், அப்டி இன்னாதான் சொல்லித் தர்றீங்க அதுக்கு?"

"கஜல்க்கா."

"அப்டின்னா?"

"ரெண்டே ரெண்டு அடி. மொத அடில கேக்கறவனத் தொங்க விடணும். ரெண்டாவது அடில எறக்கணும். நடுவுல எவ்ளோ நேரம் தொங்க விடறதுன்றதுதான் வித்தை."

"நம்ம கூண்டு கணக்கா சொல்றீங்களே."

"அதேதாங்க்கா. என்ஜின் பாடறவங்ககிட்ட. மணி கேக்கறவன்கிட்ட."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்னொரு பாதி புரிய எத்தனை வருஷம் ஆயிற்று! புரிந்தபோது எதற்கும் உதவவில்லை.

பதின்மூன்று வயதில் அவள் பாடினால் கிணற்றடியில் வாளிகள் உள்ளேயே தொங்கும், இழுக்க ஆள் இருக்காது. ஒரு சொல்லை எடுப்பாள். அதே சொல்தான். முதல் தடவை கெஞ்சுகிற மாதிரி இருக்கும். அடுத்த தடவை கேலி. அதற்கடுத்த தடவை, அந்தச் சொல்லுக்குள் யாரோ செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். உருது எழுத்து ஒன்றுகூடத் தெரியாது அவளுக்கு. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். என்னை வைத்துப் பார்த்தால் அது பெரிய குறை இல்லை. எல்லாம் காதால் பிடித்தது. அர்த்தத்தைக் காதர் பாயிடம் கேட்டுக்கொள்வாள்.

நான் எப்போதாவது பாராட்டியிருக்கிறேனா? இல்லை. முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். என் ஆறையும் நான் புகழ்ந்ததில்லை. அவர்கள் யாரும் செத்துப்போகவில்லையே? அவள் தூங்கின பிறகு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவேன். எங்களுக்குத் தெரிந்த பாராட்டு அதுதான். அடுப்பில் மிளகாய் வெடிக்கும் சத்தம்.

தூங்குகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

பெங்களூர் தண்டிலிருந்து காதர் பாயின் அக்கா முறை பீபி ஒருத்தி வந்தாள். தண்டு என்றால் பட்டாளம் இருக்கிற பக்கம். அந்தப் பீபி பெரிய பாட்டுக்காரி. அஞ்சலை பாடக் கேட்டுவிட்டு, "என்னோடு அனுப்புங்கள், மகளாக வைத்துக்கொள்கிறேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஏற்கெனவே லைனில் பேச்சு. பாட்டுப் பாடுகிற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பேர் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அஞ்சலைக்கு நான் மாப்பிள்ளைகூடப் பார்த்து வைத்திருந்தேன். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர் வேலை செய்கிறவன். குடி கிடையாது.

"போறதுன்னா போ" என்றேன். "திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத."

அவள் அழவில்லை. அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து கேட்டாள்:

"பெரிம்மா, ஒரு தபா சொல்லு. ஒரே தபா. நல்லாப் பாடறேன்னு சொல்லு. நான் போவல. நீ பாத்தவனையே கட்டிக்கறேன்."

இவ்வளவுதான் கேட்டாள். ஒரு வார்த்தை. செலவில்லாதது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாட்டாம் பாட்டு... காக்கா கத்தறாப்பல."

மறுநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டாள்.

ஆறு வருஷம். ஒரு கடுதாசி இல்லை. பேர் மட்டும் வந்தது, அதுவும் புதுப் பேர்; காதர் பாய் சொல்லித்தான் அது அவள் என்று தெரியும். நசீபா ஜான் மைசூரில் பாடினாள், நசீபா ஜான் ஹைதராபாத்தில் பாடினாள், அவள் பாடினால் கிழவர்கள்கூட எழுந்து நின்று தலைப்பாகையைக் கழற்றி வீசுகிறார்கள்... பேட்டைக் கடைத்தெருவில் சாயபுமார் பேசிக்கொள்வார்கள். நான் வெங்காயம் பொறுக்குவதுபோல நின்று கேட்டுக்கொள்வேன்.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வந்த புதிதில், பேட்டைப் பெரிய காண்ட்ராக்டர் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு அவளை அழைத்தார். வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றாளாம். கல்யாண வீட்டில் பாடுவதற்கு முன்னால் லைன் ஜனங்களுக்காக ஒரு தடவை வெட்டவெளியில் பாட வேண்டும். அதைச் சொல்லக் காதர் பாய் என் வீட்டுக்கு வந்தார். சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிற நிலை அவருக்கு.

"உங்களுக்குத் தனியா ஒரு சேதி அனுப்பிச்சிருக்குதுக்கா. 'பாட்டு முடிஞ்சதும் பெரிம்மா வூட்டுக்கு வரேன். வாசப்படிய மிதிக்கலாமா கூடாதான்னு பாட்டு கேட்டப்புறம் பெரிம்மாவே சொல்லட்டும்' அப்டின்னுது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வந்தா வரட்டும்" என்றேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு கேழ்வரகு திரிக்க உட்கார்ந்தேன். களியும் கருவாட்டுக் குழம்பும் என்றால் அவளுக்கு உயிர்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே பயம். எங்கள் ஆட்கள் முரடர்கள். தெருக்கூத்தில் வேஷம் பிடிக்கவில்லை என்றால் கத்துவார்கள், சீட்டி அடிப்பார்கள், எதிரே கிடப்பதை எடுத்து வீசுவார்கள். மேடையில் பெண் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். மைசூரிலும் ஹைதராபாத்திலும் ராஜ மரியாதை பார்த்தவள் பிறந்த மண்ணில் சீட்டிச் சத்தம் கேட்டுவிட்டுப் போகவா? லைன் லைனாகப் போனேன். வீடு வீடாகச் சொன்னேன். "எம் பொண்ணு பாடறா. ஆரம்பிச்சதுலேர்ந்து முடியற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது. ஷாஃப்ட் வாயில நிப்போமே, அப்டி நிக்கணும். எவன்னா வாயத் தொறந்தான், மறுநாள் எம் மொகத்துல முழிக்க வேணாம்."

'எம் பொண்ணு' என்று சொன்னேன். ஊருக்கெல்லாம் சொன்னேன்.

என் இரண்டாவது மகன் தணிகாசலத்தைக் காவலுக்கு வைத்தேன். ஆறடி. கையில் தடி.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். வெடிமருந்து வந்த காலிப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஜமுக்காளம் விரித்து மேடை. இடது பக்கம் சாரங்கி, வலது பக்கம் தபலா. நடுவே பச்சைப் பட்டு, மூக்கில் வைரம். யாரோ ராணி என்றுதான் நினைத்தேன். தலை முக்காடு சரிந்தபோது இடது காது மடல் தெரிந்தது. சின்னதில் ஆட்டுக்குட்டி தோட்டைக் கடித்து இழுத்துக் கிழித்த காது. அது என் அஞ்சலை.

முன்வரிசையில் பேட்டைச் சாயபுமார் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் நாங்கள், ஆயிரம் பேர் இருப்போம். மேடைக்கு நேராக நான். காதர் பாய் வரவில்லை. படுக்கையை விட்டு எழ முடியவில்லை அவரால்.

பாட ஆரம்பித்தாள். முதல் அடி முடிந்து மறுபடி எடுத்தபோது முன்வரிசைச் சாயபு ஒருவர் கையைத் தூக்கி, "வாஹ்! வாஹ்!" என்றார். என் மகன் பாய்ந்து போனான்.

"யோவ் சாயபு, இன்னாய்யா சத்தம்? பொம்பள பாடறா இல்ல? கம்முனு கேளு, இல்லாட்டி எழுந்து போ."

சாயபு தடியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா? என் பிள்ளை, என் லைன், என் கட்டுப்பாடு!

ஆயிரம் பேர். ஒரு கைக்குழந்தை சிணுங்கவில்லை.

அவள் பாடினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் பாட்டில் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. இரண்டாவதில் குறைந்தது. மூன்றாவதில் சாரங்கிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நெற்றி வியர்த்தது. முன்வரிசையைப் பார்த்தாள், பின்வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் தலை குனிந்து, கை கட்டி, கல்லாக நிற்கிறார்கள். பயபக்தி!

கடைசிப் பாட்டுக்கு முன்னால் என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே முதல் அடியை எடுத்தாள். அதையே திரும்பப் பாடினாள். ஒரு தடவை, இரண்டு, மூன்று... ஏழு தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஒரு தடவை என் அடுப்படியில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியே இருந்தது. "என் கண்ணே" என்று கத்திவிடுவேன் போல இருந்தது. நான்தானே ஊருக்கெல்லாம் வாய்ப்பூட்டு போட்டவள்? முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எட்டாவது தடவை எடுக்கவில்லை. இரண்டாவது அடியைப் பாடவேயில்லை. பாட்டை அந்தரத்திலேயே விட்டுவிட்டுக் கை கூப்பினாள். எழுந்து இறங்கிப் போய்விட்டாள். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்து நாங்கள் அப்போதும் சத்தம் போடாமல் கலைந்தோம்!

களி கிண்டி வைத்திருந்தேன். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தேன். வரவில்லை. கல்யாண வீட்டிலும் பாடாமல், தலைவலி என்று சொல்லி அன்று இரவு ரயிலுக்கே போய்விட்டாளாம்.

விடிந்ததும் காதர் பாய் வீட்டுக்கு ஓடினேன். "பாத்தீங்களா உங்க சிஷ்யையோட திமிர? ஆயிரம் பேரு சாமி கும்புடறாப்பல நின்னோம். ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டா." நடந்ததை எல்லாம் சொன்னேன். மகன் சாயபுவை அதட்டியதையும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் படுத்தபடியே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா பண்ணீங்க! அல்லா, இன்னா பண்ணி வெச்சீங்க!"

"ஏன்? மரியாதையாதான..."

"கஜல்ல வாயத் தொறக்கறதுதான்க்கா மரியாதை. மொத அடி முடிஞ்சா 'வாஹ்'ன்னு சொல்லணும். இன்னொரு தபான்னு கேக்கணும். அது வந்தாதான் அவ அடுத்த அடிக்குப் போவா. மணி கேக்கறவன்கிட்டன்னு அன்னிக்கே சொன்னேனே! ஏழு தபா ஒரே அடிய எடுத்தான்றீங்களே... மணிக்காக நின்னுக்கினு இருந்திருக்கா. நீங்க ஆயிரம் பேரும் சேந்து அவள நடுவுலயே தொங்க விட்டுட்டு வந்துட்டீங்க. வாய மூடிக்கினு ஒக்காந்தா, 'எழுந்து போடி'ன்னு அர்த்தம்."

அந்த அடி எப்படிப் போகும் என்று கேட்டார். சத்தத்தை மட்டும் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டார். அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

"'ஊருக்குப் போகும் வழியை என்னிடம் கேட்கிறார்களே' — இது மொத அடி."

"ரெண்டாவது?"

"'வாசல் ஒன்று எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் வழியில் நிற்கிறேன்?'"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கே ரயில் ஏறுங்கக்கா. போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. நான் சொன்னா நம்பாது. நீங்க சொல்லணும்."

போனேனா?

"சின்னவதான் வரணும்" என்றேன். "வளத்தவ போய் வாசல்ல நிக்கறதா? தண்டுல, அந்தப் பீபி வூட்டு வாசல்ல?" இதைச் சொன்னது இந்த வாய்தான். சத்தமில்லாமல் இருக்க வேண்டிய இடத்தில் பேசுவதும், பேச வேண்டிய இடத்தில் முந்தானையைக் கடிப்பதும் — இப்படி ஒரு வாயை ஆண்டவன் எதற்குப் படைத்தானோ.

அந்தக் குளிர்காலத்தில் காதர் பாய் மவுத்தானார். அவர் கபருக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பட்டுப் போர்வை வந்தது. பூ வந்தது. அதைக் கொண்டுவந்த ஆளிடம், "எனக்கு ஏதாச்சும் சேதி..." என்று கேட்டேன். "நீங்க யாரு?" என்றான்.

மூன்று வருஷம் ஆகிறது. என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்போதும் நானே குற்றவாளிக் கூண்டில் நிற்க முடியாது. அவள் லக்னோவில் பிறந்தவளா? ஷாஃப்ட் வாயில் எங்களோடு நின்றவள்தானே? இந்த ஜனம் எதற்கு வாயை மூடும் என்று அவளுக்குத் தெரியாதா? உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும்தான் நாங்கள் அப்படி நிற்போம். துரை வந்தாலும் அப்படி நிற்க மாட்டோம். ஆறு வருஷப் பட்டில் அதை மறந்துவிட்டாளே! நான் அவள் ஊர் வழக்கத்தைக் கற்கவில்லை. சரி. அவள் எங்கள் வழக்கத்தை ஏன் தொலைத்தாள்?

இப்படி நன்றாகத்தான் வாதாடுவேன். ஆனால் வாதாடி முடித்ததும் இன்னொன்று தோன்றும். அவள் மறந்திருக்க மாட்டாள். ஷாஃப்ட் வாயும் நினைவு வந்திருக்கும். அதோடு, தன் வாயைப் பொத்தின உள்ளங்கையும் நினைவு வந்திருக்கும்.

உலகத்தில் எத்தனை குடும்பங்களில் இந்தக் கதை நடக்கிறதோ! ஒருவர் கொடுக்கிற மரியாதை இன்னொருவர் கன்னத்தில் அறையாக விழுகிறது. கொடுத்தவர் பெருமையோடு வீட்டுக்குப் போகிறார். வாங்கினவர் ஊரை விட்டே போகிறார். பிறகு பிறந்த ஊரை மாற்றிக்கொள்கிறார், பாட்டியைக்கூட மாற்றிக்கொள்கிறார்... தப்பா? வாசல் இல்லாதவள் எந்த ஊரைச் சொன்னால் என்ன?

இந்தப் பேப்பர் பெங்களூர் தண்டிலும் விற்கிறது என்கிறார்கள். அவளுக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் உண்டு. வாசித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும், இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் உரக்க வாசியுங்கள்: அஞ்சலை, அன்றைக்கு நீ பாடினது மாதிரி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. என் வாய்க்குள் முந்தானை இருந்தது. வாசப்படி உனக்கு இருக்கிறது. எப்போதும் இருந்தது.

போதும். இதற்குமேல் வளர்த்தவள் இறங்கி வர மாட்டாள்.

பாக்கியம், நான் சொன்னதை எல்லாம் எழுதிட்டியா? எங்க, மொதல்லேர்ந்து வாசி பாப்போம். மெதுவா வாசி. நடுவுல எங்கனா 'மன்னிச்சுடு'ன்னு வந்திருந்தா அடிச்சிடு.

...வரலியா? நல்லாத் தேடிப் பாரு.